கடைசி பஸ்ஸில் போங்கள்



விடுமுறை நாளில் பதுளையிலிருந்து எங்கே போகலாம் என்றால், பலரும் தெமோதரை என்பார்கள். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து, ஒரு வட்டம் சுற்றி மேலேறி, அதே சுரங்கத்தின் தலைமேல் இருக்கும் நிலையத்தில் வந்து நிற்கும். 1924இல் பதுளைக்கு ரயில் வந்ததிலிருந்தே நாம் பார்க்கும் அதிசயம் அது.

ஆனால் நான் சொல்ல வந்தது தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸைப் பற்றி. மாசி மாதம் மூன்றாம் பிறை கண்டதும் தோட்டங்களில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமி வரை ஆட்டம்தான். நம் நாட்டில் பௌர்ணமி என்றால் போயா விடுமுறை. வேலைக்குப் போகிறவர்களும் போகலாம்.

திரும்பி வர பஸ் கிடைக்குமா என்ற கவலையே வேண்டாம். கடைசி பஸ்ஸில் போய் இறங்குங்கள். கூத்து விடிய விடிய நடக்கும். காலையில் முதல் பஸ் இருக்கிறது. கம்பளிச் சட்டை மட்டும் மறக்காதீர்கள், பனி கடுமை.

கூத்து நடக்கும் காமன் பொட்டலில் முதலில் தீ மூட்டுவார்கள். தப்பு மேளத்தைத் தீயில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டுவார்கள். தோல் இறுகி 'டண்' என்ற பிறகுதான் அடி விழும். காமனின் மனைவி ரதியாக ஆடுபவரும் ஓர் ஆண்தான். பகலில் மலையில் வேலை செய்தவராக இருப்பார். சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்ததும் அவர் ஒப்பாரி வைப்பார். லயத்து அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதை அங்கே பார்க்கலாம்.

பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். முன்வரிசையில், சாக்கு விரித்து உட்கார வையுங்கள்.