இரண்டு பதின்மூன்றாந் திருத்தங்கள்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஒரு தேசம் தன்னோடு தானே போர் தொடுக்கும் நிலைக்கு எவ்வாறு வந்து சேருகின்றது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இலங்கைத்துறையில் வாழும் நாம் இதனை ஏட்டிலே மட்டும் படித்தவர்கள் அல்லர். 2006-ஆம் ஆண்டிலே மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று மக்கள் வீடு வாசலையும் கால்நடைகளையும் விட்டு வாகரைக்கு ஓடினார்கள். அன்று தாயின் இடுப்பிலிருந்த குழந்தைகள் இன்று இளைஞர்கள். ஓடியது ஏன் என்று அவர்கள் கேட்டால் பெரியோர்களாகிய நாம் விடை சொல்ல வேண்டாமா?

முதலில் அமெரிக்க தேசத்தின் சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம். 1787-இல் அந்நாட்டார் அரசியல் யாப்பை வகுத்தபோது, தென்மாகாணங்கள் பிரிந்து போய்விடுமோ என்ற அச்சத்தால் அடிமை முறையை ஒழிக்காது விட்டார்கள். பிரதிநிதித்துவக் கணக்கிலே அடிமைகள் ஐவரை மூவராக எண்ணினார்கள். 1820-இல் மிசூரி உடன்பாட்டின்படி தேசப்படத்திலே ஒரு கோடு கீறி, கோட்டுக்குத் தெற்கே அடிமை முறை இருக்கலாம், வடக்கே கூடாது என்றார்கள். 1850-இல் இன்னோர் உடன்பாடு; அதன் விலையாகத் தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்குஞ் சட்டம் வந்தது. 1854-இல் பழைய கோட்டையும் அழித்தார்கள். கன்சாசிலே இரத்தம் ஓடியது. 1856-இல் அடிமை முறையைக் கண்டித்துப் பேசிய சார்ள்ஸ் சம்னர் என்பவர் செனற் சபையிலேயே கைத்தடியால் அடித்து வீழ்த்தப்பட்டார். மறுவருடம் உயர் நீதிமன்றம், கறுப்பின மக்கள் அந்நாட்டின் பிரசைகளாக முடியாது என்று தீர்ப்பளித்தது. அடுத்துக் கட்சிகளும் வடக்கு, தெற்கு என உடைந்தன. 1860-இல் லிங்கன் தெரிவு செய்யப்பட்டதும் தென்மாகாணங்கள் விலகின. 1861 ஏப்பிரலிலே பீரங்கி முழங்கிற்று.

அந்த உடன்பாடுகள் எல்லாம் சமாதானத்தின் பெயராலேயே செய்யப்பட்டன. ஆயினும் எந்த மேசையிலாவது அடிமைக்கு ஓர் ஆசனம் இருந்ததா? 1860-இல் 40 இலட்சத்தை எட்டியிருந்த அம்மக்களின் தலைக்கு மேலாக மற்றவர்கள் பேரம் பேசினார்கள். மெலிந்தவனின் உரிமையைக் கொடுத்து வாங்கிய சமாதானம் எழுபத்து நான்கு ஆண்டுகளே நின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே பிணக்கு அடிமை முறை பற்றியதன்று. பிரசாவுரிமையும் மொழியும் நிலமும் பற்றியது. ஆனால் நோயின் போக்கு ஒன்றே. சுதந்திரம் கிடைத்த 1948-ஆம் ஆண்டிலேயே, தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் ஏறக்குறைய 7 இலட்சம் பேர் பிரசாவுரிமை இழந்தனர். 1964-இல் கொழும்பும் டில்லியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று மனிதரைப் பங்கிட்டார்கள். அவர்களுக்கும் மேசையிலே ஆசனம் இருக்கவில்லை.

மொழி விடயத்தில் நடந்ததோ வாக்குறுதி கொடுப்பதும் கிழிப்பதும். சிங்களமும் தமிழும் என்று சொல்லிவந்த பெரிய கட்சிகள் இரண்டும், வாக்குக்கு அஞ்சிச் சிங்களம் மட்டும் என்று ஒன்றையொன்று முந்தின. 1956 யூனிலே சட்டம் வந்தது. அவ்வாண்டு ஓகஸ்டிலே நம் திருகோணமலையில் தமிழரசுக் கட்சி மாநாடு கூட்டி, சமஷ்டி, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குப் பிரசாவுரிமை, அரசாங்கக் குடியேற்றத்தை நிறுத்தல் என நான்கு கோரிக்கைகளை வைத்து ஓராண்டுத் தவணை கொடுத்தது. 1957 யூலை 26-இல் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் வந்து அமர, 1958 ஏப்பிரலிலே அது கைவிடப்பட்டது, மறுமாதமே இனக்கலவரம். 1965-இல் டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம், அதுவும் நிறைவேறவில்லை. இரு மொழிகளை ஏற்காவிடில் நாடு இரண்டாகும் என்று 1956-இல் பாராளுமன்றத்தில் எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வாவே, 1972-இல் தமிழுக்குச் சமவிடம் கொடாத அரசியல் யாப்பை ஆக்கி முடித்தார். 1976-இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1983 யூலையில் பெருங்கலவரம். 2009 மே வரை போர்.

சபையோரே, ஓர் ஒற்றுமையைக் கவனியுங்கள். அமெரிக்காவிலே 6 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டபின், 1865-இல் அடிமை முறையை ஒழித்தது அந்நாட்டு யாப்பின் பதின்மூன்றாந் திருத்தம். இலங்கையிலே தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என்று 1987-இல் எழுதியதும் பதின்மூன்றாந் திருத்தமே. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குப் பிரசாவுரிமை தரும் சட்டம் 2003-இல் நிறைவேறியது. திருமலை மாநாடு கேட்ட நான்கில் இரண்டு இவ்வாறு ஏட்டிலேனும் வந்துவிட்டன. கொடுக்கக் கூடியவைதாம் அவை! கேட்டபோது கொடுத்திருந்தால் எத்தனை தாய்மாரின் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்!

இவ்வளவையும் பிறர் குற்றமாகச் சொல்லிவிட்டுக் கைதட்டிக் கலைந்து போவது நமக்கு அழகன்று. 1968-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கோணேசர் ஆலயச் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய, அமைச்சர் மு. திருச்செல்வம் ஒரு குழுவை நியமித்தார். பிக்கு ஒருவரின் ஆட்சேபத்தைக் கேட்டுப் பிரதமர் அக்குழுவை நிறுத்த, அமைச்சர் பதவி துறந்தார். இந்துக்கள் மனம் புண்பட்டது, நியாயமே. ஆனால் அதே 1968-இல் மாவிட்டபுரத்திலே, கும்பிட வந்த சொந்தச் சைவ மக்களை, சாதியின் பெயரால் வாசலிலே மறித்து நின்றோரும் நம்மவரே. யாழ்ப்பாணத்திலே அவர்களின் முன்னோரை அடிமைகளாக வைத்திருந்த வழக்கம் 1844-இல் சட்டத்தால் ஒழிந்தது. 1957-இல் தீண்டாமையைத் தண்டிக்கவும் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னும் கதவு திறக்கவில்லை. ஒரு வாசலில் உரிமை கேட்டு, மறு வாசலில் உரிமை மறுத்து நின்றவர்களின் குரலுக்கு உலகத்தில் என்ன மதிப்பிருக்கும்?

இளைஞர்களே, மெலிந்தவன் மெல்லிய குரலிற் பேசும்போதே கேட்கும் பழக்கம் கிராமத்திலே தொடங்க வேண்டும். திருவிழா உபயத்திலும், நீர்ப் பங்கீட்டிலும், இம்மன்றத்து நிருவாக சபையிலும் யாருக்கு ஆசனம் இல்லை என்று தேடிப் பாருங்கள். அயற்கிராமத்து முஸ்லிம், சிங்கள மக்களோடு ஒரு பேச்சுப் பேசினால், கூட்டத்தாரின் கூச்சலுக்கு அஞ்சி அதை மாற்றாதீர்கள். கொடுத்த வாக்கைக் காப்பவர்கள் இருபுறமும் இருந்தால், இவ்வூர் மக்கள் இன்னொரு முறை வெருகலைக் கடந்து ஓட நேராது.

கோணேசர் திருவருள் நம்மை வழிநடத்துவதாக.