மல்லாந்து பாரம் உயர்த்துதல்

வாங்கிலே மல்லாந்து படுத்து, மார்பின்மேல் பாரத்தை உயர்த்தும் வலுதூக்கல் வீரன் முதலில் வெறுந்தண்டையே தூக்குதல் வேண்டும். போட்டித் தண்டின் நிறை 20 கிலோ. 100 கிலோ தூக்க எண்ணியவன் அத்தண்டைப் பத்து முறை உயர்த்திய பின், 50 கிலோவை ஐந்து முறையும், 70 கிலோவை மூன்று முறையும், 90 கிலோவை ஒரே முறையும் உயர்த்துவான். பாரம் கூடக்கூட எண்ணிக்கை குறையும், ஆயத்தத்திலேயே களைத்துவிடலாகாதன்றோ?

தோட்பட்டை எலும்புகள் பின்னோக்கி நெருங்கி வாங்கில் அழுந்த, பாதங்கள் நிலத்தில் ஊன்றியிருத்தல் வேண்டும். போட்டியில், தண்டு மார்பைத் தொட்டு அசைவற்று நின்ற பின்னரே நடுவர் 'பிறெஸ்' என ஆணையிடுவார்.

தனியே பயில்வோர் சிலர் பெருவிரலைத் தண்டின் மறுபுறம் வளைக்காது பிடிப்பதுண்டு. மணிக்கட்டுக்கு அது இதமென்பர். போட்டி விதி அதனை அனுமதிப்பதில்லை. அத்தகைய பிடியினின்று தண்டு வழுவுமாயின், தலைமாட்டில் நிற்கும் துணையாள் கை நீட்டுமுன்னரே அது மார்பிலோ கழுத்திலோ வீழ்ந்துவிடும்.