போட்ட உறையும் போடாத உறையும்



விமானத்தின் மூக்கருகே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய்தான் பிட்டாட் குழாய். நாமெல்லாம் படம் வரைந்து மார்க் வாங்கியதுதான்! அதற்குள் எதிர்க்காற்று தரும் அழுத்தத்திலிருந்து சுற்றுக்காற்றின் அழுத்தத்தைக் கழித்து வேகத்தைக் கணக்கிடுகிறோம்.

1996 பிப்ரவரி 6 அன்று டொமினிகன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பர்கன்ஏர் போயிங் 757, ஐந்தே நிமிடத்தில் கடலில் விழுந்தது. 189 பேரும் இறந்தார்கள். பல நாள் பறக்காமல் நின்ற விமானம். உறையில்லாமல் இருந்த குழாயில் மண்குளவி கூடு கட்டியிருக்கலாம் என்று கருதப்படுகிறது.

அடைபட்ட குழாய்க்குள் அழுத்தம் மாறாது. மேலே ஏற ஏற வெளியழுத்தம் குறையும். ஆகவே வேகம் கூடுவதாக முள் பொய் சொல்லும். அதை நம்பிய ஆட்டோபைலட் மூக்கைத் தூக்க, உண்மை வேகம் குறைந்தது. இத்தனைக்கும், ஓடுபாதையிலேயே தன் முள் வேலை செய்யவில்லை என்று கேப்டன் கவனித்திருந்தார். துணை விமானியின் முள் சரியாகவே இருந்தது.

குளவித் தொல்லைக்குப் பேர்போன பிரிஸ்பேனில் நின்றால் உறை போடுவார்கள். 2018 ஜூலையில் மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று அந்த உறைகளைக் கழற்றாமலே அங்கிருந்து கிளம்பிவிட்டது! நல்லவேளை, பத்திரமாகத் திரும்பி இறங்கியது.

தம்பிகளா, போடுவதும் வேலை, கழற்றுவதும் வேலை. டிக் அடிக்கறதுக்கு முன்னாடி கண்ணால பாருங்க. சந்தேகம் வந்தா தரையிலேயே நிறுத்துங்க. பெரியவர் இருக்காரேன்னு வாயை மூடிக்காதீங்க.