மூன்று, இரண்டு, இரண்டு

(வேதியியல் துறைப் பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பாரிஸில் என்னடா வேலை?" என்று காலையிலிருந்து பத்துப் பேர் கேட்டுவிட்டீர்கள். "ஹோட்டல்ல" என்றேன். வீட்டிலும் பல வருஷம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் நான் பாரில் மது கலக்குகிறவன். பெரியப்பாவைச் சாராயத்துக்குப் பறிகொடுத்த குடும்பம். அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது?

2014-இல் அப்பா பாரிஸ் வந்தார். வந்த மூன்றாம் நாள் சர்க்கரை தேடி அலமாரியைத் திறந்துவிட்டார். உள்ளே பாட்டில்கள். இனி மறைத்துப் பயனில்லை. "இதுதான்பா என் வேலை" என்று அவர் முன்னாலேயே ஒரு 'பூல்வார்டியே' கலந்து காட்டினேன்.

அது பாரிஸ் சரக்கு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில் பாரிஸில் அமெரிக்கர் கூட்டம் அதிகம். அவர்களில் எர்ஸ்கின் க்வின் என்பவர் 'பூல்வார்டியே' என்றொரு பத்திரிகை நடத்தினார். இது அவருடைய பானம் என்று ஹாரி மெக்கல்ஹோன் என்ற பார் முதலாளி 1927-இல் தன் புத்தகத்தில் எழுதி வைத்தார். அன்று மூன்றும் சம அளவு. இன்று விஸ்கி கொஞ்சம் தூக்கல்.

செய்முறை சொல்கிறேன். 21 வயது ஆகாதவர்கள் கெமிஸ்ட்ரியாக மட்டும் கேளுங்கள். 15 மி.லி. கோடு போட்ட டானிக் மூடி போதும். பர்பன் விஸ்கி மூன்று மூடி, காம்பாரி இரண்டு, சிவப்பு இனிப்பு வெர்மூத் இரண்டு. கண்ணளவு கூடவே கூடாது. காம்பாரி ஒரு மூடி கூடினால் கசப்பு நாக்கை விட்டுப் போகாது. வெர்மூத்தில் போடும் மூலிகை நம்ம மருக்கொழுந்துக்குப் பங்காளி. அது ஒயின் வகை. திறந்தபின் ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் கெட்டுப்போகும். நிறைய ஐஸ் போட்டு அரை நிமிஷம் கரண்டியால் கலக்க வேண்டும். குலுக்கினால் காற்றுப் புகுந்து கலங்கிவிடும். கரைகிற ஐஸ் தண்ணீரும் இதில் ஒரு சரக்குதான், அது இல்லாவிட்டால் தொண்டை எரியும். வடிகட்டி, ஆரஞ்சுத் தோலை மேலே பிழிந்தால் முடிந்தது.

அப்பா முகர்ந்து பார்த்தார். "நிலவேம்புக் கஷாயத்துல ஆரஞ்சுத் தோல் போட்ட மாதிரி இருக்குடா." குடிக்கவில்லை. "இதுல எவ்வளவு ஸ்பிரிட்?" என்றார். கணக்குப் போட்டேன். விஸ்கியில் 18 மி.லி., காம்பாரியில் ஏழரை, வெர்மூத்தில் சுமார் ஐந்து. ஆக 30 மி.லி., எடையில் 24 கிராம். பல நாடுகளில் 10 கிராமைத்தான் ஒரு டிரிங்க் என்று எண்ணுகிறார்கள். சின்னக் கிளாஸ்தான், ஆனால் ரெண்டுக்கும் மேல!

"ஒருத்தன் எத்தனை கேட்டாலும் கொடுப்பியா?"

"ரெண்டுப்பா. மூணாவது கேட்டா தண்ணி வைப்பேன். சண்டைக்கு வந்தாலும் தண்ணிதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "உங்க பெரியப்பாவுக்கு ஊத்தினவன் ஒருநாளும் தண்ணி வைக்கலடா."

டானிக் மூடியை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.