பக்கம் திறக்கவில்லையா? பயப்படாதேங்கோ, கேளுங்கோ

(ஒஸ்லோவில், புதிதாக வந்திருப்பவர்களுக்கான தகவல் மாலையில் எமது தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் ஒரு தம்பியை நேர்காணலுக்கு ஆயத்தம் செய்ய வரச்சொல்லியிருந்தேன். அவர் வரவில்லை. ரெலிபோனும் எடுக்கவில்லை. மூன்றாவது கிழமைதான், மொத்தாக்கில் அவரோடு இருந்த இன்னொருவர் மூலமாக ஆளைப் பிடித்தேன். நடந்தது இதுதான். அவர் நகரத்தில் ஒரு கஃபேயில் இருந்து, கடைக்காரரின் வைஃபையில், 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் நடந்ததைப் பற்றிய ஒரு மனித உரிமை அறிக்கையைத் தேடியிருக்கிறார். தான் இருந்த இடத்தின் பெயரும் தேதியும் சரியோ என்று பார்க்கத்தான். அறிக்கை வரவில்லை. நோர்வேஜிய மொழியில் வேறொரு பக்கம் வந்து நின்றது. அதில் அவருக்கு விளங்கின ஒரே சொல் 'வொல்'. வன்முறை.

"அக்கா, நான் வன்முறை தேடினன் எண்டு பொலிசுக்குப் போயிட்டுது. இனி என்ர கேஸ் முடிஞ்சுது" என்றார். சிம்மைக்கூடக் கழற்றி வைத்துவிட்டார்.

அந்தப் பக்கத்தை அனுப்பியது பொலிஸ் இல்லை. கடைக்காரர் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிற வடிகட்டி. அது தம்பிக்குத் தெரியாமல் போனதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் வந்த இடம் அப்படி. 2007 ஜூனில் இலங்கையில் தமிழ்நெற் தளத்தை மூடினார்கள். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்துக் கலவரத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் நின்றன. 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் மக்கள் தெருவுக்கு இறங்கியபோதும் அதேதான். ஒரு பக்கம் திறக்காவிட்டால் அரசாங்கம்தான் மூடியது என்று எங்கள் மூளை சொல்லப் பழகிவிட்டது.

இங்கே மூடுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். யார் மூடியது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஒன்று, கிரிப்போஸ் என்கிற குற்றப் புலனாய்வுப் பொலிஸ். சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்யும் படங்கள் உள்ள தளங்களின் பட்டியல் அவர்களிடம் உண்டு. 2004ஆம் ஆண்டு ரெலினோரோடு சேர்ந்து இதைத் தொடங்கினார்கள், பிறகு மற்றக் கொம்பனிகளும் சேர்ந்தன. அப்படியான தளத்துக்குப் போனால் பொலிஸின் பெயரோடு ஒரு தடுப்புப் பக்கம் வரும். ஆட்களைப் பிடிக்க வைத்த பொறி இல்லை அது, குற்றம் நடக்காமல் தடுக்க வைத்தது. இந்த வடிகட்டியைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. நான் பதினைந்து வருசம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள்.

அடுத்தது நீதிமன்றம். 2015இல் ஒஸ்லோ நீதிமன்றம் பைரேட் பே போன்ற தளங்களை மூடச் சொன்னது. களவாய்ப் படம் பார்க்கிறவைக்கு இது ஏற்கனவே தெரிஞ்சிருக்கும். (சிரிப்பு)

மூன்றாவதுதான் கஃபே, ஹோட்டல், கடைத்தொகுதி, பஸ். இதைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் மாதக் காசில் டேட்டா வாங்கக் கட்டாத எங்கள் ஆட்கள் இந்த வைஃபையில்தான் சீவிக்கிறார்கள்.

உங்கள் போன் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி, அதன் இலக்கம் என்ன என்று முதலில் கேட்கும். ரெலிபோன் புத்தகத்தில் பெயரைப் பார்த்து இலக்கம் எடுப்பது போல. வடிகட்டி அந்த இடத்தில் நிற்கிறது. பட்டியலில் உள்ள பெயர் என்றால் இலக்கத்தைக் கொடுக்காமல் வேறு பக்கத்தைக் காட்டும். அந்தப் பட்டியலைக் கடைக்காரர் எழுதுவதில்லை. எங்கேயோ ஒரு கொம்பனி தளங்களை வகை பிரித்து விற்கிறது: ஆபாசம், சூதாட்டம், ஆயுதம், வன்முறை என்று. கடைக்காரர் பெட்டிகளுக்குப் புள்ளடி போட்டால் சரி. பிரிக்கிறது பெரும்பாலும் மெஷின். மெஷினுக்குச் சொல் தெரியும், சங்கதி தெரியாது. 1996இல் இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்கிற ஊர்க்காரருக்கு ஏ.ஓ.எல். கொம்பனியில் கணக்குத் திறக்க முடியவில்லை. காரணம், ஊரின் பெயருக்குள்ளே ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வரிசையாக இருந்தன. இப்போதைய மெஷின்கள் கெட்டித்தனம் கூடியவைதான், ஆனாலும் வன்முறையைச் செய்கிறவனையும் அதை ஆவணப்படுத்துகிறவனையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுகின்றன.

அப்போ கடைகள் வடிகட்டலாமா? என்னோடு வேலை செய்கிற ஒரு அண்ணை சொல்லுவார்: "அவன்ர கடை, அவன்ர வயர். பிடிக்காட்டி எழும்பிப் போங்கோ." சட்டப்படி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நோர்வே அரசியலமைப்பின் 100ஆம் பிரிவு கருத்துச் சுதந்திரத்தைத் தருகிறது, ஆனால் அது முக்கியமாக அரசைக் கட்டுகிற பிரிவு, கோப்பிக் கடையை அல்ல. இணையத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற ஐரோப்பிய விதி நோர்வேயில் 2017இல் சட்டமானது. அதுவும் பொதுமக்களுக்கு இணைப்பு விற்கும் கொம்பனிகளுக்கானது. கஃபே வைஃபை சாதாரணமாக அதற்குள் வராது.

கடைக்காரரின் பயமும் வீண் பயம் இல்லை. ஜெர்மனியில் மக்ஃபாடன் என்ற வியாபாரி தன் கடையில் பூட்டில்லாத வைஃபை வைத்திருந்தார். யாரோ அதில் களவாகப் பாட்டைப் பகிர, சோனி கொம்பனி அவரோடு வழக்காடியது. 2016 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், அவர் நட்டஈடு கட்டத் தேவையில்லை, ஆனால் கடவுச்சொல் போடும்படி உத்தரவிடலாம் என்றது. வைஃபையில் போகும் எல்லாவற்றையும் வேவு பார்க்கச் சொல்ல முடியாது என்றும் சொன்னது. அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

என்னைக் கேட்டால், பிள்ளைகள் வந்து போகிற கடையில் ஆபாசத் தளத்தை மூடட்டும். அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் 2016இல் அதைச் செய்தது, அதனால் ஒருவருக்கும் சாப்பாடு குறையவில்லை. ஆனால் 'வன்முறை' என்ற பெட்டிக்குப் புள்ளடி போடுகிறவர் யாரை வெளியே தள்ளுகிறார் என்று யோசிக்க வேண்டும். வீட்டில் அடி வாங்குகிற ஒரு அக்கா, வீட்டு போனில் தேடப் பயந்து, கஃபேயில் இருந்து கிரீசெசென்டரின் இலக்கத்தைத் தேடலாம். அவவுக்கும் அந்தத் தடுப்புப் பக்கம் வந்தால்? அதோடு, மூடுகிறவர் தான்தான் மூடியதாக அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். எங்கள் தம்பி மூன்று கிழமை ஒளிந்து இருந்ததற்குக் காரணம் பக்கம் மூடினது இல்லை, ஆர் மூடினது எண்டு அதில இல்லாததுதான்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. திரையில் 'ஸ்பெர்ரெத்' அல்லது 'புளொக்கெர்த்' என்று கண்டால் அடைக்கப்பட்டது என்று அர்த்தம், நீங்கள் குற்றம் செய்தீர்கள் என்று அர்த்தமில்லை. வைஃபையை நிறுத்தி, சொந்த டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கோ. திறந்தால், மூடியது கடை. கடைக்காரருக்கு நீங்கள் போன தளத்தின் பெயர் தெரிய வரலாம். ஆனால் முகவரி எச்.ரி.ரி.பி.எஸ். என்று தொடங்கினால் உள்ளே வாசித்ததும் எழுதியதும் அவருக்குத் தெரியாது. வி.பி.என். பாவிப்பது நோர்வேயில் குற்றமில்லை, ஆனால் ஓசியில் கிடைக்கிற எல்லாவற்றையும் போனில் ஏற்றாதேங்கோ, அதை நடத்துகிறவன் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியாது. டைக்மான் நூலகத்துக்கும் போகலாம். 2020இல் திறந்த பெரிய கட்டடம் ஒஸ்லோ மத்திய நிலையத்துக்குப் பக்கத்தில், ஒபெராவுக்கு அருகில் இருக்கிறது. உள்ளே போகக் காசில்லை, ஒன்றும் வாங்கத் தேவையில்லை. பக்கம் திறக்காவிட்டால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் காட்டிக் கேட்கலாம்.

அந்தக் கஃபேக்கு நான் போனேன். முதலாளி நல்ல மனுசன். எந்தப் பெட்டிக்குப் புள்ளடி போட்டது என்று அவருக்கே தெரியாது, பூட்ட வந்த பையன் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அறிக்கையைக் காட்டினேன். இரண்டு நாளில் 'வன்முறை'யை எடுத்துவிட்டார். தம்பியின் நேர்காணல் இன்னும் நடக்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை அவரோடு மறுபடி இருக்கிறேன், அறிக்கையை இந்த முறை கடதாசியில் அச்சடித்து வைத்திருக்கிறேன்.

சரி, கேள்விகளைக் கேளுங்கோ.