புதிய கட்டடமும் பழைய அண்டை வீட்டாரும்

 

  மிம்பரில் நின்று வீடு, மனை பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் பாகப்பிரிவினைக்கு அடுத்தபடியாக மக்கள் என்னிடம் ஆலோசனை கேட்டு வருவது வீட்டு விஷயமாகத்தான். வளைகுடாவில் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தை ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடும் காரியம் அது. அந்தக் கையெழுத்துக்கு முன்பு வருகிறவர்கள் சிலர். பின்பு வருகிறவர்களே பலர்.

வீட்டைத் தேடும் முன் அண்டை வீட்டாரைத் தேடு என்றொரு சொல் அரபுகளிடையே வழங்கி வருகிறது. இதை நபிமொழி என்று கூறுவோரும் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ் கலை அறிஞர்களின் முடிவு. ஆயினும் அனுபவ மொழி என்ற அளவில் அது உண்மையே. புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குபவருக்கு இந்த அறிவுரையைப் பின்பற்றவே வழியில்லை. அங்கே அண்டை வீட்டார் என்று இன்னும் எவரும் இல்லை. மேல் மாடியில் யார் வரப்போகிறார், பராமரிப்புப் பணத்தை ஒழுங்காகத் தருவாரா, வாங்கியவர் தாமே குடியிருப்பாரா அல்லது ஆண்டுக்கொரு வாடகைக்காரரை மாற்றுவாரா என்பதெல்லாம் சாவி கைக்கு வந்த பிறகே தெரியும். பழைய தெருவில் வீடு பார்ப்பவர் மளிகைக் கடையில் நின்று விசாரித்தாலே பாதி தெரிந்துவிடும்.

கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கடிந்து கேட்டார்கள் நபியவர்கள். இன்று சென்னையின் தெற்குப் புறநகரில் விற்கப்படும் மனைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்ச்சிதான் நினைவுக்கு வருகிறது. மேலே செம்மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். ஈரம் உள்ளே இருக்கிறது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் முன்பு பல்லாயிரம் ஏக்கர் பரந்து கிடந்தது. அதில் எஞ்சிய பகுதி 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீர் அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் பக்கம் கடலுக்குச் செல்ல வேண்டும். அந்த வழியில் நாம் வீடு கட்டிக்கொண்டோம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் மக்கள் மொட்டை மாடிகளில் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே பகுதிகளில் மீண்டும் வெள்ளம் புகுந்தது. இடையில் 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டு, புதுக் குடியிருப்புகள் லாரித் தண்ணீருக்குத் தவம் கிடந்ததையும் மறந்துவிடக் கூடாது. வெள்ளமும் வறட்சியும் ஒரே வாசலில் வந்து நின்ற கொடுமை அது.

ஆகவே வீடு பார்க்கச் செல்லும் சகோதரர் வெயில் காலத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருநாள் போய்ப் பாருங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள், எதிரே தேநீர்க் கடை வைத்திருப்பவரிடம் 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அவர் சுவரில் கை வைத்துக் காட்டுவார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். புதிய வீட்டை வாங்குபவருக்கு வரும் தொல்லையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதன் பக்கத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவரின் தொல்லையைப் பேசுவோர் குறைவு.

பழைய தெரு ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். சாலை போடும்போதெல்லாம் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டியதால், ஆண்டுக்கு ஆண்டு தெரு உயர்ந்துவிட்டது. புதிதாகக் கட்டுபவர் சாலையைவிட மூன்றடி, நான்கடி உயர்த்தி அடித்தளம் போடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரும் வெள்ளத்துக்கு அஞ்சியே உயர்த்துகிறார். ஆனால் தண்ணீர் எங்காவது போயாக வேண்டுமல்லவா? அவருடைய மனையில் விழும் மழை பக்கத்திலுள்ள பழைய வீட்டுக்குள் இறங்குகிறது. முன்பு இரண்டு படி ஏறிச் சென்ற வீட்டுக்குள் இப்போது இரண்டு படி இறங்கிச் செல்கிறார்கள். எங்கள் மஹல்லாவில் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், மழை பெய்யும் இரவுகளில் வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டுக் கட்டிலின் மேல் உட்கார்ந்திருக்கிறார். இத்தனைக்கும் அடுத்த வீட்டார் தொழுகையாளி, நல்ல மனிதர். தம் மனையின் மழைநீர் எங்கே போகிறது என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மழைநீரை உறிஞ்சும் கிணறு ஒன்றும், தெருவின் வடிகாலை நோக்கிச் சரிவாக ஒரு குழாயும் கட்டும்போதே அமைத்திருந்தால் இந்தத் துன்பத்தில் பெரும்பகுதி இல்லாமல் போயிருக்கும். கட்டி முடித்த பிறகு தரையை உடைக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் ஓயாது வலியுறுத்தியதால், அவருக்குச் சொத்தில் வாரிசுரிமையே தந்துவிடுவார்களோ என்று நபியவர்கள் எண்ணினார்கள் என்ற செய்தி நமக்குத் தெரியும். ஃபிக்ஹுச் சட்ட வல்லுநர்கள் இதை அறிவுரையாக மட்டும் விட்டுவிடவில்லை. ஹனஃபி மத்ஹபில், விற்பனைக்கு வரும் வீட்டை வாங்குவதில் ஒட்டியிருக்கும் அண்டை வீட்டாருக்கு முன்னுரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அந்த உரிமை கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே. உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா எனும் சட்டத் தொகுப்பு, அண்டை வீட்டின் வெளிச்சத்தை முற்றிலும் அடைப்பதையும், பெண்கள் புழங்கும் முற்றம் தெரியும்படி ஜன்னல் வைப்பதையும் அளவு மீறிய தீங்கு என்று கூறுகிறது. ஜன்னலையே மூடச் சொல்லவில்லை. பார்வை விழாதபடி சுவரோ தட்டியோ வைக்கச் சொல்கிறது. எவ்வளவு நிதானமான தீர்ப்பு! கழிவுக் குழியால் பக்கத்துக் கிணற்று நீர் கெட்டால் அத்தீங்கை நீக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. ஆனால் ஒருவர் தம் நிலத்தில் புதுக் கிணறு தோண்டுவதை, பக்கத்துக் கிணற்றில் நீர் குறையும் என்பதற்காக அது தடுக்கவில்லை. கையால் இறைத்த காலத்துச் சட்டம் அது. நூற்றுக்கணக்கான அடி ஆழ்துளையில் மோட்டார் வைத்து நாற்பது வீடுகளுக்கு உறிஞ்சும் இக்காலத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்பதை ஆலிம்கள் அமர்ந்து பேச வேண்டும்.

பள்ளம் தோண்டும் அபாயம் தனி. வாகனம் நிறுத்தும் தளத்துக்காகப் பூமியை ஆழமாகத் தோண்டி, ஊறும் நீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்றும்போது, பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் கீழுள்ள மண் தளர்ந்துவிடும். களிமண் நிலமாக இருந்தால் சுவர் வெடிக்கத் தொடங்கும். 2023 டிசம்பர் 4 அன்று, புயல் மழைக்கிடையே, வேளச்சேரியில் கட்டடத்துக்காகத் தோண்டப்பட்டிருந்த பெரும்பள்ளம் சரிந்து இருவர் மாண்டனர். நீரை இறைத்து அவர்களுடைய உடல்களை மீட்கவே நாட்கள் பிடித்தன. உங்கள் வீட்டருகே இத்தகைய வேலை தொடங்குமானால், தொடங்கும் முன்பே வீட்டுச் சுவர்கள் அனைத்தையும் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். கட்டுநருக்கு எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புதல் பெறுங்கள். இல்லையெனில், பிறகு தோன்றும் வெடிப்பை முன்பே இருந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

வாங்குபவருக்கும் சில வார்த்தைகள். 2014 ஜூன் 28 அன்று, ரமளான் பிறையை நாம் எதிர்பார்த்திருந்த நாட்களில், போரூருக்கு அருகே மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் பிற ஊர்களிலிருந்தும் பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள். அருகே நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. புத்தம் புதிது என்பது பலத்துக்கு உத்தரவாதமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பூச்சு உலரும்போது தோன்றும் மயிரிழை வெடிப்புகளுக்கு அஞ்ச வேண்டாம். தூணிலும் உத்தரத்திலும் சாய்வாக ஓடும் வெடிப்பைக் கண்டால் பொறியாளரை அழைத்துக் காட்டத் தாமதிக்கக் கூடாது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வாங்குபவருக்குச் சில பாதுகாப்புகளைத் தந்துள்ளது. பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டுநர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். சுவருக்கு உட்பட்ட பரப்பையே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ வீடுகள் எட்டுக்கு மிகாமலோ உள்ள சிறு திட்டங்கள் இச்சட்டப்படிப் பதிவு செய்யத் தேவையில்லை. நம்மவர்கள் பெரும்பாலும் வாங்குவது இத்தகைய சிறு கட்டடங்களையே. அங்கே அதிக விழிப்பு வேண்டும்.

இன்னும் கட்டப்படாத வீட்டை விலை பேசுவதை ஹனஃபி அறிஞர்கள் இஸ்திஸ்னாஃ என்ற முறையில் அனுமதிக்கிறார்கள். செய்து தரப்படும் பொருளின் வகை, அளவு, தன்மை ஆகியவை ஐயமின்றி வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். மாதிரி வீட்டில் கண்ட பளிங்குத் தரையும் விளம்பரத் தாளில் கண்ட தோட்டமும் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை என்றால், அவற்றை நீங்கள் வாங்கவில்லை என்றே பொருள். வங்கிக் கடன் வாங்கியவர் நிலை இன்னும் பரிதாபம். கட்டடம் இரண்டு ஆண்டுகள் தாமதமானால் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும், குடியேறாத வீட்டுக்கு வட்டியும் கட்டுகிறார். வட்டியின் கேட்டைப் பற்றி இப்பக்கங்களில் பலமுறை பேசியாகிவிட்டது, இங்கே நீட்டவில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பல ஊர்களில் பழைய பள்ளிவாசலை இடித்துவிட்டுத் தரைமட்டத்தை உயர்த்திப் பெரிதாகக் கட்டுகிறார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கும் முன், நல்ல மழை பெய்யும் ஒருநாளில் குடையுடன் பள்ளியைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒளூச் செய்யும் இடத்து நீரும் மாடியிலிருந்து இறங்கும் மழைநீரும் யாருடைய கொல்லைக்குள் போகின்றன என்று பாருங்கள். அந்த வீடு முஸ்லிமின் வீடாயினும் மாற்றுச் சமயத்தவரின் வீடாயினும், மினாராவுக்கு வண்ணம் பூச ஒதுக்கிய தொகையை எடுத்து முதலில் அந்தக் கால்வாயைக் கட்டுங்கள். மினாரா அடுத்த ஆண்டு வரை காத்திருக்கட்டும்.