மெய்வருத்தமும் மெய்ப்பாடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் ரசீதும் பேரேடும் எழுதிக் காலங்கழிப்பவன் நான். நடிப்புக் கலையைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே: நம் சங்க நாடகங்களில் பதினைந்து ஆண்டுகளாக வேடம் புனைந்து வருகிறேன். செயலாளர் அவர்களின் அன்புக் கட்டளையைத் தட்ட இயலாமல் உங்கள் முன் நிற்கிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

சென்ற மாதம் ஒத்திகையின்போது இளைஞர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இவ்வாண்டு நாடகத்தில் அவர் பல நாள் பட்டினி கிடந்தவனாக வருகிறார். “அண்ணா, நாடகத்திற்கு முன் மூன்று நாள் உண்ணாமலே இருந்துவிட்டால் நடிப்பு இயற்கையாக அமையுமல்லவா? அமெரிக்க நடிகர்கள் அப்படித்தானே செய்கிறார்கள்?” என்றார். அவருடைய ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும், உடலையும் மனத்தையும் உண்மையாகவே வருத்திக்கொண்டால் நடிப்புச் சிறக்குமா என்பது ஆராயத்தக்கது. அதனையே இன்று பேசும் பொருளாகக் கொண்டேன்.

இம்முறையின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1898ஆம் ஆண்டில் மாஸ்கோ கலை அரங்கை நிறுவிய இருவருள் ஒருவர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. நடிகன் தன் வாழ்வில் உற்ற இன்ப துன்பங்களை நினைவிற் கொணர்ந்து, அவ்வுணர்ச்சியைப் பாத்திரத்திற்கு வழங்க வேண்டும் என்று அவர் ஒரு காலத்தில் கற்பித்தார். அமெரிக்காவில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் இதனையே தலையாயதாகக் கொண்டு வளர்த்தார். அதுவே ‘மெத்தட்’ எனப் பெயர் பெற்றது. ஆனால், 1934இல் ஸ்டெல்லா ஆட்லர் என்னும் நடிகை பாரிஸ் நகரில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியையே நேரிற் கண்டு பயின்றார். பழைய காயங்களைக் கிளறுவதைக் காட்டிலும், பாத்திரம் நிற்கும் சூழ்நிலையைக் கற்பனையால் உணர்ந்து செயற்படுவதே முதன்மையானது என்னும் பாடத்தோடு அவர் திரும்பினார். மார்லன் பிராண்டோ இவ்வம்மையாரின் மாணவர். ஆசிரியர் திருத்திக்கொண்ட கொள்கையை மாணவர் சிலர் விடாது பற்றிக்கொண்டனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

உடம்பையே மாற்றிக்கொள்வது பிற்காலத்துத் திரைப்பட நடிகர்கள் மேலும் நீட்டிய வழி. ‘ரேஜிங் புல்’ (1980) படத்திற்காக ராபர்ட் டி நிரோ ஏறத்தாழ 27 கிலோ எடை கூடினார். அதற்காகப் படப்பிடிப்பே சில மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. ‘மை லெஃப்ட் ஃபுட்’ (1989) படத்தில் இடக்கால் ஒன்றே தன் வசப்பட்ட எழுத்தாளராக நடித்த டேனியல் டே லூயிஸ், படப்பிடிப்பு முழுவதும் சக்கர நாற்காலியை விட்டு எழவில்லை. தொழிலாளர்கள் அவரைத் தூக்கிச் சென்றனர், உணவும் ஊட்டினர். இருவர்க்கும் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அவை உயர்ந்த நடிப்புகளே, மறுப்பதற்கில்லை.

ஆனால், அந்த உயர்வு வருத்தத்தால் வந்ததா? ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ (1991) படத்தில் ஆண்டனி ஹாப்கின்ஸ் திரையில் தோன்றுவது சிறிது நேரமே. கொலைகாரன் வேடத்திற்காக அவர் எவரையும் துன்புறுத்தவில்லை, தம்மையும் துன்புறுத்திக்கொள்ளவில்லை. வசனத்தை நூறு முறைக்கும் மேலாகப் படித்துப் படித்து மனத்திற் பதித்துக்கொள்வது அவர் வழக்கம். அவருக்கும் அதே ஆஸ்கார் பரிசுதான் கிடைத்தது. வருந்தியவரும் வென்றார், வருந்தாதவரும் வென்றார். எனவே, வெற்றிக்குக் காரணம் வருத்தம் அன்று, வேறொன்று.

அந்த வேறொன்று எது என்பதற்கு நம் நாட்டுச் சான்று ஒன்று உண்டு. இந்தித் திரையுலகில் ‘துன்பியல் வேந்தர்’ எனப் புகழ் பெற்றவர் திலீப் குமார் (1922–2021). தொடர்ந்து துயர வேடங்களில் தோய்ந்து நடித்ததால், படப்பிடிப்பு முடிந்த பின்னும் அத்துயரம் அவரை விட்டு அகலவில்லை. அவர் மனநல மருத்துவரை நாடும் நிலை வந்தது. நகைச்சுவை வேடங்களை ஏற்குமாறு மருத்துவர் அறிவுறுத்தினார். அவர் ஏற்றது ‘ஆசாத்’ (1955). அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? நாமக்கல் கவிஞரின் ‘மலைக்கள்ளன்’! 1954இல் அதனைத் தமிழில் எடுத்த கோவைப் பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடு அவர்களே இந்தியிலும் எடுத்தார். வடநாட்டுக் கலைஞரின் மனப்புண்ணுக்கு நம் தமிழ்க் கதை மருந்தாயிற்று. அந்த நடிப்பிற்கு ‘ஃபிலிம்ஃபேர்’ பரிசும் கிடைத்தது.

அவரே ‘கோஹினூர்’ (1960) படத்தில் ஒரு பாடற் காட்சிக்காகப் பல மாதங்கள் சித்தார் பயின்றார். திரையில் நரம்பின்மேல் ஓடும் விரல்களைக் கண்டவர் வியந்தனர். இதுவும் கடும் உழைப்பே. ஆனால் இவ்வுழைப்பு விரலுக்கு ஒரு தொழிலைக் கற்றுத்தந்தது. கற்பது வேறு, வருந்துவது வேறு. கற்றது கண்ணுக்குத் தெரியும். வருந்தியது நடிகனுக்குள்ளேயே நின்றுவிடவும் கூடும்.

நிற்க. இதை நான் நூலறிவால் மட்டும் சொல்லவில்லை. இதுவரை மேடையேறிச் சொல்லாத செய்தி ஒன்றை இன்று சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் சங்க நாடகத்தில் நான் அண்ணனாகவும் நண்பர் ஒருவர் தம்பியாகவும் நடித்தோம். அண்ணன் தம்பியை அறையும் காட்சி வந்தது. கோபம் உண்மையாக இருக்கவேண்டும் என்று, அலுவலகத்தில் எனக்கு நேர்ந்த அவமானம் ஒன்றை நினைத்து நினைத்து உள்ளத்தைக் கொதிக்கச் செய்துகொண்டேன். மேடையில் என்னை மறந்தேன். உண்மையாகவே அறைந்துவிட்டேன். அறை காதின்மேல் விழுந்தது. நண்பர் வலியால் திகைத்து வசனத்தை மறந்து நின்றார். அவை என்ன செய்தது தெரியுமா? பாடம் மறந்துவிட்டார் என்று எண்ணிச் சிரித்தது! உண்மையான கோபமும் உண்மையான வலியும் மேடையில் இருந்தன. ஒன்றையும் எவரும் காணவில்லை. என் வசனமும் தொண்டையிலேயே அடைபட்டு, மூன்றாம் வரிசைக்குக்கூட எட்டவில்லை என்று பின்னர்க் கேள்விப்பட்டேன். நண்பருக்கு ஒரு வாரம் அந்தக் காது சரியாகக் கேட்கவில்லை.

மறு ஆண்டு அதே நாடகம் மீண்டும் நடந்தது. இம்முறை என் கை அவர் கன்னத்தைத் தொடவே இல்லை. திரைக்குப் பின்னிருந்து ஒருவர் கை தட்டினார். நண்பர் முகத்தைத் திருப்பினார். அவையில் ஒரு தாயார் “ஐயோ!” என்று கூவியதை நானே கேட்டேன். மெய்யான அடிக்குச் சிரித்த அவை, பொய்யான அடிக்குப் பதறியது.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள் கூறப்படுகின்றன. உள்ளத்து உணர்ச்சி உடம்பின் வழியே பிறர் அறியத் தோன்றுவதே மெய்ப்பாடு. ‘பிறர் அறிய’ என்பதில்தான் கலை இருக்கிறது. என் தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்கிறேன்: வண்டியை நிறுத்தச் சிவப்புக் கொடி காட்டுபவர் தம் விரலைக் கீறிக் குருதியைக் காட்ட வேண்டியதில்லை. கொடி தூரத்திலிருந்து தெரிந்தால் போதும். காட்டும் கை நடுங்காமல் இருந்தால் போதும்.

அப்படியானால் உணர்ச்சியே வேண்டாவோ எனின், வேண்டும். உணர்ச்சியற்ற நடிப்பு மரப்பாவைக் கூத்து. ஆனால் குதிரைக்குக் கடிவாளம் போல, உணர்ச்சியின்மேல் நடிகனுக்கு ஒரு பிடி இருத்தல் வேண்டும். தான் துன்புறுவதை அவன் விரும்பி ஏற்கலாம். உடன் நடிப்பவரையும் தன்னைத் தூக்கிச் சுமப்பவரையும் துன்புறுத்த அவனுக்கு உரிமை இல்லை.

ஆகவே அந்த இளைஞரிடம் நான் சொன்னது இதுதான்: “தம்பி, மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடு. ஓய்ந்த வேளையில் என்னுடன் பிளாட்பாரத்திற்கு வா.” இருவரும் போய்ப் பார்த்தோம். நெடுநாள் பசித்த முதியவர் ஒருவர், சோற்றுப் பொட்டலம் கைக்கு வந்ததும் அதன்மேல் பாய்ந்துவிடவில்லை. யாரேனும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று முதலில் சுற்றுமுற்றும் பார்த்தார், பிறகுதான் பிரித்தார். அவர் உண்டு முடிக்கும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. திரும்பும் வழியில், “பட்டினி கிடந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திராது அண்ணா” என்றார் இளைஞர். இன்னும் சிறிது நேரத்தில் அவர் இம்மேடையில் தோன்றுவார். தேர்ந்தாரா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

முடிக்குமுன் ஒரு சொல். அன்று என் கையால் அடிபட்ட நண்பர் இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். அன்று தனியே மன்னிப்புக் கேட்டேன். “நாடகத்தில் நடந்தது நாடகத்தோடு போயிற்று” என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார். அடித்தது அவையின் முன். ஆதலால் மன்னிப்பும் அவையின் முன் கேட்பதே முறை. கேட்டுக்கொள்கிறேன்.